பழைய வால்பேப்பர உரிச்சு செவுத்த பூச்சுக்கு ரெடி பண்றது எப்படி

வால்பேப்பர் உரிக்கணும்னு ஆரம்பிச்சா எல்லாருக்கும் பேப்பர் மேலதான் கண்ணு போகும். அது எப்படியும் வந்துடும்ங்க, இன்னைக்கு வராதது நாளைக்கு வந்துடும். புதுசா போடற பூச்ச (கொத்தனார் பூசற ஜிப்சம், சிமெண்ட் பூச்சுதான், பெயிண்ட் இல்ல) கெடுக்கிறது பேப்பர் போனப்புறம் செவுத்துல கண்ணுக்கு தெரியாம உக்காந்திருக்கிற பசைதான். நான் மொத மொதல்ல ஒரு ரூம் பண்ணினப்ப ரெண்டே நாள்ல எல்லாத்தையும் உரிச்சு தள்ளிட்டு, அட செவுரு நல்லா சுத்தமா இருக்கேன்னு அப்படியே மேல பூச்சு போட வச்சேன், சில மாசத்துலயே ஜன்னலுக்கு கீழ உப்பிக்கிட்டு வந்து கைய வச்சா ஓடு ஓடா பேந்து விழுந்துச்சு. விழுந்த துண்ட திருப்பி பாத்தா பின்பக்கம் பூரா பழைய பசை, ஈரக்கைல தொட்டா வழவழன்னு. ஒரு தடவ பண்ணின வேலைய மறுபடி மொதல்ல இருந்து பண்றது எவ்ளோ வலின்னு அப்பதான் தெரிஞ்சுது. அதனால பசை வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் நீளமா எழுதியிருக்கேன், பொறுமையா படிங்க.

மொதல்ல கரண்ட். செவுத்துல தண்ணி அடிக்கப் போறோம், அதுல சுவிட்ச் போர்டும் பிளக் பாயிண்ட்டும் இருக்கு. அந்த ரூமுக்கு போற எம்சிபிய (மெயின் போர்டுல இருக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு டெஸ்டர் வச்சு உண்மையிலேயே கரண்ட் இல்லையான்னு ஒவ்வொரு பாயிண்ட்லயும் பாத்துக்கோங்க, லைட்டு அணைஞ்சிடுச்சேன்னு நம்பிடாதீங்க ஏன்னா பிளக் பாயிண்ட் வேற லைன்ல வந்திருக்கலாம். சுவிட்ச் மேல இருக்கிற பிளேட்ட கழட்டிட்டு உள்ள தண்ணி போகாத மாதிரி பிளாஸ்டிக் கவர் போட்டு டேப் ஒட்டிடுங்க. பிளேட்டுக்கு அடியில சொருகியிருக்கிற பேப்பர் ஓரமும் அப்பதான் வெளிய தெரியும், நிறைய இடத்துல உரிக்க ஆரம்பிக்க அதுதான் நல்ல இடம்.

அப்புறம் தரை. பிளாஸ்டிக் ஷீட் மட்டும் விரிச்சா அதுமேல தண்ணியும் பசையும் விழுந்து கால் வழுக்கும், அதனால ஷீட்டுக்கு மேல பழைய பெட்ஷீட்டோ சாக்கோ போடுங்க. உரிச்ச பேப்பர அப்பப்ப பையில போட்டுடணும், ஈரமா கீழ விழுந்தது காய்ஞ்சா தரையோட ஒட்டிக்கும், அப்புறம் அத சுரண்ட தனியா ஒரு நாள் வேணும்.

வீடு ரொம்ப பழசுன்னா ஒரு விஷயம் யோசிக்கணும். பேப்பருக்கு அடியில இருக்கிற பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். அமெரிக்கால 1978லயே வீட்டு பெயிண்ட்ல ஈயத்துக்கு தடை போட்டாங்க, மத்த பல நாடுகள்ல அது ரொம்ப வருஷம் கழிச்சுதான் வந்துச்சு. அதனால சந்தேகம் இருந்தா காய்ஞ்ச செவுத்துல உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, அந்த தூசிதான் ஆபத்து, அதுவும் சின்ன பசங்களுக்கு ரொம்பவே. ஈரமாவே வச்சு சுரண்டுங்க, முகத்துக்கு சாதா துணி மாஸ்க் பத்தாது, என்95 மாதிரி ஒண்ணு போடுங்க. செவுத்துலயோ சீலிங்லயோ மேடு பள்ளமா டிசைன் வச்ச பழைய கோட்டிங் இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு இருக்கு, அத டெஸ்ட் பண்ணாம தொடவே தொடாதீங்க.

இப்ப உரிக்கிறது. கதவுக்கு பின்னாடி மாதிரி கண்ணு படாத ஒரு மூலைல ஆரம்பிங்க. பட்டி பிளேடால ஓரத்த லேசா தூக்கி கையால மெதுவா இழுத்து பாருங்க, நேரா உங்கள பாத்து இழுக்காம செவுத்த ஒட்டினாப்பல கீழ் பக்கமா இழுக்கணும். மூணு மாதிரி நடக்கும். முழுசா காய்ஞ்சபடியே உரிஞ்சு வந்தா அது நெய்யாத நார்ல பண்ணின புது வகை பேப்பர், உங்களுக்கு அதிர்ஷ்டம், அரை நாள்ல ரூம் முடிஞ்சிடும். மேல இருக்கிற பிளாஸ்டிக் தோல் மட்டும் வந்து அடியில வெள்ளையா ஒரு மெல்லிசு பேப்பர் நின்னா அது வினைல், மேல் தோல மொத்தமா எல்லா செவுத்துலயும் உரிச்சிட்டு அப்புறம் அடித்தாள நனைங்க. எதுவுமே வராம துணுக்கு துணுக்கா கிழிஞ்சா அது சாதா பேப்பர், இல்லன்னா பேப்பர் மேலயே யாரோ பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க.

பெயிண்ட் அடிச்சது ரொம்ப படுத்தும். தண்ணி உள்ள போனாத்தான பசை இளகும், பெயிண்டும் வினைலும் அந்த தண்ணிய உள்ள விடாது. அதனால மேல்பரப்ப கீறி விடணும், முள்ளு சக்கரம் வச்ச கீறல் கருவி கிடைக்கும், அத லேசா உருட்டினா போதும். இங்கதான் நிறைய பேர் பலத்த காட்டிடறாங்க, அழுத்தி உருட்டினா பேப்பரையும் தாண்டி காரைல ஓட்ட விழும், ஜிப்சம் போர்டா (ரெண்டு பக்கமும் தாள் ஒட்டின ஜிப்சம் பலகை) இருந்தா அதோட மேல் தாளே கிழியும். அதனால உங்க செவுரு காரை பூசினதா ஜிப்சம் போர்டான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கணும், தட்டினா போர்டு டொக்கு டொக்குன்னு உள்ள காலியா கேக்கும், இடையிடையே கட்டை இருக்கிற இடத்துல மட்டும் கெட்டியா கேக்கும்.

நனைக்கிறதுக்கு கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, ஒரு பக்கெட்டுக்கு ரெண்டு மூணு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். அந்த சோப்பு எதுக்குன்னா தண்ணி செவுத்துல முத்து முத்தா உருண்டு ஓடாம பேப்பருக்குள்ள ஊறணும், அவ்ளோதான், நிறைய ஊத்தினா அப்புறம் அந்த சோப்பையே கழுவணும். துணிக்கு போடற சாஃப்ட்னர் ஊத்த சொல்வாங்க சிலர், நான் ஊத்த மாட்டேன், ஏன்னா அது செவுத்துல ஒரு வழுவழுப்ப விட்டுட்டு போகும், நாம எந்த வழுவழுப்ப எடுக்க இவ்ளோ பாடுபடறோமோ அதையே திரும்ப கொண்டு வந்து வைக்கிற கதை. பம்பு ஸ்ப்ரேயரோ பெரிய ஸ்பாஞ்சோ வச்சு ஒரு மீட்டர் அகலத்துக்கு நனைங்க, அஞ்சு நிமிஷம் விட்டு அதே இடத்த மறுபடி நனைங்க, அதுக்குள்ள பக்கத்து பட்டையையும் நனைச்சிடுங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் ஆனதும் மொத பட்டைக்கு வாங்க. நகத்தால சுரண்டி பாருங்க, கூழா வந்தா ரெடி, நார் நாரா கிழிஞ்சா இன்னும் ஊறல. ஊறாம சுரண்டறதுதான் செவுரு குதறிப் போறதுக்கு பாதி காரணம்.

ஸ்கிராப்பர் நாலு இஞ்சு அகலமா இருக்கட்டும், அதோட ரெண்டு மூலையையும் அரம் வச்சு லேசா உருட்டி விட்டுடுங்க. இது சின்ன விஷயம்தான் ஆனா கூர் மூலை ஒவ்வொரு இழுப்புக்கும் காரைல ஒரு கோடு போடும், நாள் முழுக்க சுரண்டினா நூறு கோடு. பிளேட செவுத்தோட கிட்டத்தட்ட படுக்க வச்சு தள்ளுங்க, நிமித்தி பிடிச்சு குத்தாதீங்க.

தண்ணிக்கு மசியலன்னா ஸ்டீமர், அதாவது தண்ணிய கொதிக்க வச்சு ஒரு தட்டு வழியா செவுத்துல ஆவி காட்டற மெஷின். பல அடுக்கு பேப்பர் இருந்தாலும் மரத்தூள் கலந்த சொரசொரப்பு பேப்பர் இருந்தாலும் அதுதான் வழி. தட்ட ஒரு இடத்துல 20, 30 செகண்ட் வச்சுட்டு பக்கத்துக்கு நகத்தணும், ஒரு கை தட்ட பிடிச்சிருக்க இன்னொரு கை முந்தின இடத்த சுரண்டணும், சூடு ஆறிட்டா பசை மறுபடி இறுகிடும். ஜிப்சம் போர்டுல அதுல பாதி நேரம் போதும், அதிகமா காட்டினா போர்டோட தாளே ஊதிக்கும். பழைய காரையும் அப்படித்தான், ரொம்ப நேரம் ஆவி பட்டா பிடிப்பு விட்டு பாளம் பாளமா வந்துடும். முழுக்கை சட்ட, கிளவுஸ், கண்ணாடி மூணும் கட்டாயம், தட்டுல இருந்து கொதிக்கிற தண்ணி சொட்டி கை வழியா முழங்கைக்கு ஓடும், சீலிங்ல பண்றப்ப தலைக்கு நேர் மேல தட்ட பிடிக்காம கொஞ்சம் தள்ளி நின்னு பிடிங்க. டேங்க்ல தண்ணி தீந்து போச்சுன்னா ஆஃப் பண்ணிட்டு ஆறினப்புறம்தான் மூடிய திறக்கணும்.

சரி பேப்பர் எல்லாம் போயிடுச்சு. இப்பதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பேப்பர் ஒட்டற பசை பெரும்பாலும் ரெண்டு வகைல ஒண்ணா இருக்கும், மாவுச்சத்துல பண்ணினது, இல்லன்னா மெத்தில் செல்லுலோஸ்ல பண்ணினது. ரெண்டும் தண்ணில இளகும், அதுதான் நல்லதும் கெட்டதும். உரிக்கிறப்ப இளகினது நமக்கு நல்லது. ஆனா அத அப்படியே விட்டுட்டு மேல ஈரப்பூச்சு போட்டா பூச்சுல இருக்கிற தண்ணிக்கும் அது இளகும், அப்ப பூச்சு செவுத்த பிடிக்காது, பசைமேல உக்காரும், காயறப்ப பசை சுருங்கும், அதோட பூச்சையும் இழுக்கும். எனக்கு ஜன்னலுக்கு கீழ பேந்தது இதனாலதான்.

கழுவறதுக்கு ரெண்டு பக்கெட் வச்சுக்கோங்க, ஒண்ணுல சூடான தண்ணி, இன்னொண்ணுல ஸ்பாஞ்ச அலசி பிழிய. ஒரே பக்கெட்ல பண்ணினா கொஞ்ச நேரத்துல அது பசைத்தண்ணி ஆயிடும், நீங்க பசைய எடுக்கறதுக்கு பதிலா செவுரு பூரா ஒரே சீரா தடவிக்கிட்டு இருப்பீங்க. மொதல்ல நனைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு ஸ்கிராப்பரால வழிச்சு எடுங்க, பழுப்பு கூழ் மாதிரி வரும், அத துணில துடைச்சிட்டு அப்புறம் ஸ்பாஞ்ச். நிறைய ஒட்டியிருக்கிற இடத்துல நைலான் பிரஷ் வச்சு வட்டமா தேய்ங்க. தண்ணிய தயங்காம மாத்துங்க. கடைசி ரவுண்டு சோப்பு எதுவும் இல்லாத வெறும் தண்ணி. ஒரு சாதாரண ரூமுக்கு நான் குறைஞ்சது மூணு ரவுண்டு கழுவுவேன், உரிச்ச நேரத்த விட இதுக்கு அதிக நேரம் போனாலும் சரி.

போயிடுச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? செவுரு ஈரமா இருக்கிறப்பவே உள்ளங்கைய வச்சு தேய்ச்சு பாருங்க, வழவழன்னு வந்தா இருக்கு, மணல் மாதிரி சொரசொரன்னு இருந்தா போயிடுச்சு. காய்ஞ்சப்புறம் டார்ச்ச செவுத்தோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, பசை இருக்கிற இடம் மினுமினுன்னு தெரியும், சில இடத்துல சின்ன சின்னதா வெடிச்சும் இருக்கும். மருந்து டப்பால இருக்கிற டிங்சர் அயோடின தண்ணில கலந்து நாலு இடத்துல தெளிச்சும் பாக்கலாம், மாவுப்பசை இருந்தா கருநீலமா மாறும், ஆனா செல்லுலோஸ் பசைக்கு இந்த கலர் வராது, அதனால கலர் மாறலங்கிறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, கை சொல்றதுதான் கடைசி. ஜன்னலுக்கு கீழ, மூலைங்க, தரைய ஒட்டின ஓரம், சுவிட்ச் பெட்டிய சுத்தி, இந்த இடத்துலதான் எப்பவும் மிச்சம் நிக்கும்.

ஜிப்சம் போர்டா இருந்தா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, அத இப்படி ஊத்தி ஊத்தி கழுவ முடியாது, பிழிஞ்ச ஸ்பாஞ்சாலதான் சீக்கிரம் சீக்கிரமா துடைக்கணும். உரிக்கிறப்ப மேல் தாள் கிழிஞ்சு பழுப்பு தாள் வெளிய தெரிஞ்சா அந்த இடத்த காய விட்டு, நீட்டிக்கிட்டு இருக்கிற ஓரத்த பிளேடால வெட்டி எடுத்துட்டு, கிழிஞ்ச போர்டுக்குன்னே விக்கிற சீலர் பிரைமர் அடிங்க. அடிக்காம பட்டியோ பூச்சோ போட்டா அந்த தாள் ஈரத்துல கொப்பளம் கொப்பளமா எழும்பும்.

கழுவினப்புறம் ஜன்னல திறந்து வச்சு காய விடுங்க, ஹீட்டர செவுத்துக்கு நேரா திருப்பி அவசரப்படுத்தாதீங்க. ஒரு ரெண்டு மூணு நாள் விட்டா செவுரே நிறைய சொல்லும். எல்லா இடமும் வெளுத்து வர்றப்ப ஒரு இடம் மட்டும் கருப்பாவே நின்னா அங்க ஓதம் இருக்கு. ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட அந்த இடத்துல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி ஒண்ணு ரெண்டு நாள் விடுங்க, ஷீட்டுக்கு உள்பக்கம் வேர்த்திருந்தா ஈரம் செவுத்துக்குள்ள இருந்து வருது, வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல இருக்கிற ஈரம். உள்ள இருந்து வருதுன்னா பைப் லீக்கா, வெளிச்செவுத்து வெடிப்பா, தரைல இருந்து ஏறுதான்னு கண்டுபிடிச்சு சரி பண்ணாம பூச்சு போடவே போடாதீங்க, அந்த காசு வீண்.

வெள்ளையா உப்பு பூத்திருந்தா காய்ஞ்ச பிரஷால தேய்ச்சு எடுங்க, தண்ணி ஊத்தி கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போய் அடுத்த மாசம் மறுபடி பூக்கும். பூஞ்சை இருந்தா பூஞ்சைக்கொல்லி மருந்து போட்டு ஊற விட்டு ஈரமாவே துடைங்க. பிளீச்சிங் போடறவங்க அதோட ஆசிட்டோ வேற கிளீனரோ எதையுமே சேத்துடாதீங்க, விஷ வாயு வரும்.

அடுத்து காரை பிடிப்பா இருக்கான்னு பாக்கணும். விரல் முட்டியாலயோ ஸ்கிராப்பர் பிடியாலயோ ஒரு சாண் இடைவெளில மேல இருந்து கீழ தட்டிக்கிட்டே வாங்க, கணீர்னு கேட்டா செவுத்தோட பிடிச்சிருக்கு, பொதக்குன்னு கேட்டா பின்னாடி விட்டுடுச்சு. விட்ட இடத்த பென்சில்ல வட்டம் போட்டு வைங்க. உள்ளங்கை அளவுக்கு இருந்து அழுத்தினா அசையலன்னா விட்டுடலாம், அசைஞ்சாலோ வெடிப்பு இருந்தாலோ உளி வச்சு கொத்தி எடுத்துடணும், கெட்டியான ஓரம் வர்ற வரைக்கும். மனசு கேக்காதுதான், ஆனா புது பூச்சோட எடை அந்த தளர்ந்த காரைமேலதான் தொங்கும், ரெண்டும் சேந்து விழும். கொத்தின பள்ளத்த தூசி தட்டி நனைச்சு, ஆழமா இருந்தா ரெண்டு மூணு தடவையா நிரப்புங்க, ஒரே தடவைல அப்பினா தொங்கும், காயறப்ப வெடிக்கும். வெடிப்புகள ஸ்கிராப்பர் முனையால வி மாதிரி அகலப்படுத்தி தூசி எடுத்து நிரப்பி, நீளமான வெடிப்பு மேலயும் போர்டு ஜாயிண்ட் மேலயும் ஃபைபர் மெஷ் டேப் ஒட்டிடுங்க.

அடியில பெயிண்ட் இருக்கா? கருப்பு துணியால தேய்ங்க, வெள்ளை மாவு மாதிரி வந்தா அது பழைய டிஸ்டெம்பர் இல்லன்னா சுண்ணாம்பு வெள்ளை, அதுமேல எதுவும் நிக்காது, கழுவி சுரண்டி எடுத்தே ஆகணும். கெட்டி பெயிண்டா இருந்தா பிளேடால கட்டம் கட்டமா கீறி டேப் ஒட்டி வெடுக்குன்னு இழுங்க, பெயிண்ட் டேப்போட வந்தா அத எடுக்கணும், வரலன்னா விடலாம். பளபளப்பான ஆயில் பெயிண்ட்டா இருந்தா சொரசொரப்பு ஆக்கணும், மணல் கலந்த பாண்டிங் பிரைமர் அதுக்குன்னே இருக்கு, ரோலர்ல அடிச்சு காய விட்டா பூச்சு பிடிக்க நல்லா சொரசொரப்பா நிக்கும்.

கடைசியா செவுரு எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு பாக்கணும். கைல தண்ணி எடுத்து செவுத்துல விசிறி அடிங்க. உடனே உறிஞ்சிட்டா பூச்சுல இருக்கிற தண்ணியையும் அப்படித்தான் உறிஞ்சும், கொத்தனார் மட்டம் தட்டறதுக்குள்ள பூச்சு இறுகிடும். கோடா வழிஞ்சு ஓடினா குடிக்கவே இல்ல, அங்க பிடிப்பு வராது, அந்த பாண்டிங் பிரைமர் வேணும். ரெண்டுக்கும் நடுவுல மெதுவா கருத்து ஊறினா சரியா இருக்கு.

ஜிப்சம் பூச்சு மெல்லிசா ரெண்டு மூணு மில்லிமீட்டர் போடப் போறீங்கன்னா, அதிகமா குடிக்கிற செவுத்துக்கு பிவிஏவ (வெள்ளைப் பசை மாதிரி ஒரு திரவம்) தண்ணி கலந்து அடிக்கிறது பழக்கம், மொத கோட் ஒண்ணுக்கு நாலு பங்கு தண்ணி, அது காய்ஞ்சப்புறம் ரெண்டாவது ஒண்ணுக்கு மூணு, அந்த ரெண்டாவது கோட் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டறப்பவே பூச்ச போட்டுடணும். அத முழுசா காய விட்டுட்டா மறுபடி ஒரு வழவழப்பு படலம்தான் மிச்சம். பாத்ரூம் மாதிரி ஈரம் வர்ற இடத்துல பிவிஏ வேண்டாம், ஈரத்துல திரும்ப இளகும். சிமெண்ட் பூச்சுன்னா கதையே வேற, பெயிண்ட முழுசா எடுத்து செவுத்த கொத்தி விட்டு, நனைச்சு, எஸ்பிஆர் (பிடிப்புக்கு சிமெண்ட்ல சேக்கிற ரப்பர் பால் மாதிரி திரவம்) கலந்த சிமெண்ட் பால் அடிச்சு அது ஈரமா இருக்கிறப்பவே பூசணும், அப்புறம் ஒரு வாரமாவது தண்ணி காட்டணும். ஜிப்சம் பூச்சுக்கு தண்ணி காட்டவே கூடாது, பழக்க தோஷத்துல ஊத்திடாதீங்க.

பழைய செவுத்துல ஏற்கனவே ஜிப்சம் இருந்தா அதுமேல சிமெண்ட் பூசாதீங்க. ஜிப்சத்துல இருக்கிற சல்ஃபேட்டும் சிமெண்டும் ஈரத்துல சேந்தா ஊதி பெருகுற ஒரு உப்பு உண்டாகும், அது பூச்ச உள்ள இருந்தே தள்ளும். சிமெண்ட் மேல ஜிப்சம் போடலாம், தப்பில்ல. ரொம்ப பழைய வீட்டுல சுண்ணாம்புக் காரை இருந்தா இந்த பிவிஏ, சிமெண்ட் ரெண்டும் வேண்டாம், அந்த செவுரு ஈரத்த உள்ள வாங்கி வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அத அடைச்சா உள்ளயே உளுத்துப் போகும், சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள கூப்பிட்டு சுண்ணாம்பாலயே பூசுங்க.

பூச்சு போடற அன்னைக்கு காலைல காய்ஞ்ச பிரஷால செவுரு முழுக்க தூசி தட்டிட்டு, சுவிட்ச் பெட்டிக்குள்ள பழைய துணிய அடைச்சு, கதவு ஜன்னல் சட்டத்துக்கு டேப் ஒட்டிடுங்க. கொத்தனார் கலவைய கலக்கறதுக்கு முன்னாடி ஈரக்கையோட ஜன்னலுக்கு கீழயும் நாலு மூலையிலயும் இன்னொரு தடவ தடவி பாருங்க, எங்கயாவது வழுக்கினா அந்த இடத்த மட்டும் மறுபடி கழுவி காய விட்டுட்டு அப்புறம் கலக்க சொல்லுங்க.